அந்த நான்கு சதவீதம் எங்கே?

வணிகர் சங்கம் கடையடைப்பு அறிவித்தால் அமைச்சர் பேச்சுவார்த்தைக்கு அழைக்கிறார். சேரியிலிருந்து தொழில் தொடங்கும் நமக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

2005இல் புனேயில் மிலிந்த் காம்ப்ளே தலித் இந்தியத் தொழில் வர்த்தக சபையைத் தொடங்கினார். கடனும் மானியமும் மட்டும் போதாது, அரசே நம்மிடம் பொருள் வாங்க வேண்டும் என்று அச்சபை வாதாடியது. 2012இல் ஆணை வந்தது: மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 4 சதவீதத்தைப் பட்டியல் சாதி, பழங்குடியினரின் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும்.

ஆணை வந்த பின்னும் ஆண்டுக்கணக்கில் அந்த இலக்கு எட்டப்படவில்லை. தனியாளாக டெண்டர் கேட்டால் நம் குரல் எடுபடாது. உத்யம் பதிவு செய்வோம். சங்கமாகச் சேர்வோம். எந்த நிறுவனம் நம்மவரிடம் எவ்வளவு வாங்கியது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கணக்குக் கேட்போம்.