தேரையின் கையிலே மை

நம் நாட்டுப் பெண்மணிகள் எத்தனையோ நூற்றாண்டுகளாகக் காது குத்திக் கொண்டு வருகிறார்கள். ஆயினும் ஒரு பெண் குழந்தையாவது காதில் துவாரத்துடன் பிறந்ததாக நாம் கேட்டதில்லை. சம்மட்டி பிடித்துப் பிடித்துக் கொல்லனுடைய கை உரமேறுகிறது. அவன் பிள்ளையோ மற்றக் குழந்தைகளைப் போல் மெல்லிய கையுடன்தான் பிறக்கிறான். ஒரு ஜீவன் தன் வாழ்நாளில் தேடிக் கொண்ட மாறுதல் அதன் சந்ததிக்குப் போய்ச் சேருமா என்பது விஞ்ஞானிகளின் பழைய வழக்கு. சேரும் என்று 1809-ம் வருஷத்தில் பிரெஞ்சு அறிஞர் லமார்க் எழுதினார். சேராது என்றே பின்னால் வந்தவர்களில் பெரும்பாலோர் தீர்ப்புச் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பை மாற்ற ஒரு தேரையைச் சாட்சியாகக் கொண்டு வந்தவர் வியன்னா நகரத்து விஞ்ஞானி பால் காம்மரர்.

1880-ல் பிறந்த காம்மரர், வியன்னாவில் ஹான்ஸ் பிர்ஷிப்ராம் முதலியோர் 1903-ல் திறந்த ஆராய்ச்சிசாலையில் பணி புரிந்தவர். தவளை, தேரை, பல்லி முதலிய பிராணிகளை அடைத்து வைத்துத் தலைமுறை தலைமுறையாக வளர்ப்பதில் பெரிய கைராசிக்காரர் என்று பெயர் வாங்கினார்.

ஐரோப்பாவில் 'மருத்துவச்சித் தேரை' என்று ஓர் இனம் உண்டு. பெயர் பெண்ணுக்குரியதாயினும் பிரசவ வேலை முழுவதையும் பார்ப்பது ஆண்தான்! மற்றத் தேரைகள் நீரிலே கூடி நீரிலேயே முட்டையிடும். இதுவோ தரைவாசி. மணிமாலை போல் கோத்து வரும் முட்டைகளை ஆண் தேரை தன் பின்னங்கால்களில் சுற்றிக் கொண்டு சில வாரங்கள் சுமந்து திரியும். பொரிக்கும் பருவம் வந்ததும் நீரில் இறங்கித் தலைப்பிரட்டைகளை விட்டுவிட்டு வரும்.

நீரில் கூடும் தேரைகளில், வழுக்கும் பெண்ணைப் பற்றிக் கொள்வதற்காக, ஆணின் கையில் பருவகாலத்தில் சொரசொரப்பான கறுத்த திட்டு ஒன்று தோன்றும். மருத்துவச்சித் தேரைக்கு அத்திட்டு இல்லை, தேவையும் இல்லை.

காம்மரர் என்ன செய்தார்? தேரைகள் இருந்த அறையின் உஷ்ணத்தை உயர்த்தினார். வெப்பம் தாளாத தேரைகள் தொட்டி நீரில் தஞ்சம் புகுந்து அங்கேயே கூடின. நீரில் விழுந்த முட்டைகள் பெரும்பாலும் அழிந்தன. தப்பியவற்றை வளர்த்து, அவற்றின் சந்ததியையும் அவ்வாறே வளர்த்தார். சில தலைமுறைகளுக்குப் பின் ஆண் தேரைகளின் கையில் கறுத்த திட்டு தோன்றியதாக அறிவித்தார். பழக்கம் உடலை மாற்றியது. அம்மாறுதல் வம்சத்தில் நிலைத்தது என்பது அவர் வாதம்.

பாரம்பரிய சாஸ்திரத்துக்கு 'ஜெனடிக்ஸ்' என்று பெயர் சூட்டிய இங்கிலாந்து அறிஞர் பேட்ஸன் இதை நம்பவில்லை. 1923-ல் காம்மரர் கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் பிரசங்கம் செய்தபோது பத்திரிகைகள் அவரைப் புகழ்ந்தன. ஆனால் முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு அவரிடம் எஞ்சியிருந்த சாட்சி, ஒரு குப்பியில் பாடம் செய்து வைத்த ஒரே தேரைதான்.

1926-ல் அமெரிக்க விஞ்ஞானி நோபிள் வியன்னாவுக்கு வந்து அத்தேரையைப் பரிசோதித்தார். கையில் சொரசொரப்பான முட்கள் இல்லை. தோலின் கீழிருந்த கறுப்பு, சித்திரம் வரைகிறவர்கள் உபயோகிக்கும் 'இந்தியன் இங்க்'! ஆகஸ்டு 7-ந் தேதி 'நேச்சர்' பத்திரிகை இதை வெளியிட்டது. ஆறு வாரங்களுக்குப் பின் காம்மரர் மாஸ்கோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். தாமே அத்தேரையைப் பார்த்ததாகவும், நோபிள் சொன்னது மெய்யே என்றும், ஆனால் மை ஏற்றியவர் தாம் அல்லவென்றும் அதில் கண்டிருந்தது. செப்டம்பர் 23-ந் தேதி ஆஸ்திரிய மலைப்பாதை ஒன்றில் துப்பாக்கியால் தம் உயிரை மாய்த்துக் கொண்டார். அப்போது அவருக்கு வயது 46.

மை ஏற்றியவர் யார்? மங்கி வந்த அடையாளத்தைக் காப்பாற்ற நினைத்த உதவியாளரா, அவரைக் கெடுக்க நினைத்த பகைவரா, அவரேதானா? இது இன்றளவும் தீரவில்லை. ஆர்தர் கோஸ்லர் 1971-ல் அவருக்காக வாதாடி ஒரு புத்தகமே எழுதினார். 2009-ல் சிலி தேசத்து விஞ்ஞானி வர்காஸ் வேறொரு கோணத்தில் இதைப் பார்த்தார். ஜீனின் எழுத்து மாறாமலே, அது விழித்து வேலை செய்வதும் உறங்குவதும் சூழ்நிலையால் மாறக் கூடும். சிற்சில சமயம் அம்மாறுதல் சந்ததிக்கும் செல்லும் என்பது இக்காலத்து அறிவு. காம்மரர் கண்டது அத்தகையதாக இருக்கலாம், சோதனையைத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும் என்றார் வர்காஸ். மூதாதைத் தேரைகளிடம் இருந்து மறைந்த உறுப்பு மீண்டும் தலை காட்டியிருக்கலாம் என்று எண்ணவும் இடமுண்டு.

கணக்கில் விடை வரவில்லையென்றால் நடு வரியைத் திருத்தி எழுதும் மாணவர்களை நாம் வகுப்பில் பார்த்திருக்கிறோம். விடை சரியாகவே இருந்தாலும் அந்தத் திருத்தம் கணக்கு முழுவதையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கி விடுகிறது. காம்மரர் கண்டது உண்மையாயிருந்தால், அந்த ஒரு துளி மை அவருக்குச் செய்த துரோகம் மிகப் பெரிது. பொய்யாயிருந்தாலோ, அது பொய்யை மறைக்கவும் உதவவில்லை. வியன்னா ஆராய்ச்சிசாலை 1945-ல் யுத்தத் தீயில் அழிந்தது. மருத்துவச்சித் தேரையோ முட்டை மாலையைச் சுமந்து கொண்டு ஐரோப்பாவில் இன்னும் உலாவுகிறது. சாட்சி உயிரோடுதான் இருக்கிறது. பொறுமையுடன் விசாரிப்பவர்தாம் வர வேண்டும்.