மூன்றாம் வருட டீச்சரிடம் கேளுங்கள்

பி.எட். இரண்டாம் ஆண்டில் பயிற்சிக்காகப் பள்ளிக்குப் போகிறவர்களிடம் கல்லூரி ஒரு பட்டியலைக் கொடுத்தனுப்புகிறது. பாடத்திட்ட ரெக்கார்டு, துணைக்கருவி ரெக்கார்டு, கேஸ் ஸ்டடி, தேர்வு மதிப்பெண் பகுப்பாய்வு என்று நீளும் அந்தப் பட்டியலில், ‘சமீபத்தில் வேலைக்குச் சேர்ந்த ஒரு டீச்சரோடு உட்கார்ந்து பேசு’ என்ற வரி மட்டும் கிடையாது. முதலில் எழுதியிருக்க வேண்டிய வரி அதுதான்.

இருபத்தைந்து வருடம் பாடம் நடத்தியவர் வாசலில் வந்து நின்றாலே வகுப்பில் சத்தம் அடங்கிவிடும். எப்படி என்று கேட்டால், “கண்டிப்பா இருக்கணும்மா” என்பார். எங்கே நின்றுகொண்டு, எந்தக் குரலில், யாரை முதலில் பார்த்துக் கண்டிப்பாக இருப்பது? அது அவருக்குக் கைவந்து வெகு காலமாகிவிட்டது. எப்படி வந்தது என்பது மறந்துபோயிற்று. சமீபத்தில் வேலைக்குச் சேர்ந்து, முதல் மாதம் கத்திக் கத்தித் தொண்டை கட்டி, மிளகுப்பால் குடித்துக்கொண்டு பள்ளிக்கு வந்தவருக்கு அது மறக்கவில்லை. சத்தம் கூடும்போது குரலை உயர்த்தாமல் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடு என்பார் அவர். போர்டில் எழுதும்போது முழு முதுகையும் காட்டாதே. கடைசி பெஞ்சுப் பையன்களின் பெயர்களை முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துகொள். “புரிஞ்சுதா?” என்று மட்டும் கேட்காதே, மொத்த வகுப்பும் “புரிஞ்சுது மிஸ்” என்று ராகம் போடும். ஒருவரைப் போர்டுக்குக் கூப்பிட்டுப் போடச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும்.

நோட்டுத் திருத்தும் கணக்கையும் அவர்தான் சொல்வார். நாலு செக்‌ஷன், செக்‌ஷனுக்கு நாற்பது பேர் என்றால் 160 நோட்டு. ஒரே நாளில் வாங்கினால் மேசையில் மலையாகக் குவியும், பிள்ளைகளுக்கு வீட்டில் எழுத நோட்டு இருக்காது. நாளுக்கு ஒரு வரிசை வாங்கு என்பார். பி.டி. பீரியட் முடிந்து வியர்க்க வியர்க்க வரும் வகுப்பில் முதல் பத்து நிமிஷம் பாடம் ஏறாது, அதைத் திட்டத்திலேயே கழித்துவிடு என்பார். ஒன்பதாம் வகுப்பில் கணக்கை வாயால் சொன்னால் போட்டுவிடுகிற பையன் அதே கணக்கைப் புத்தகத்தில் வாசிக்கத் திணறுவான் என்பதும் அவர் வேலைக்கு வந்த பிறகு கண்டுகொண்டதாகத்தான் இருக்கும். பெற்றோர் விஷயம் தனி. “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்” என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. அடிப்பதை 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது என்று பரீட்சையில் எழுதிவிடலாம். எதிரே நிற்கும் அந்த அப்பாவிடம் முகம் கோணாமல் என்ன பதில் சொல்வது?

பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் ஒருவர் சுமார் 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார் என்று 1975-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு நூல் கணக்கிட்டது. அத்தனை மணி நேரமும் பார்த்தது நாடகத்தின் மேடையைத்தான். ஒப்பனை அறைப் பக்கம் யாரும் அழைத்துப் போவதில்லை. கல்லூரியின் மைக்ரோ டீச்சிங்கில் சக மாணவிகளே எட்டாம் வகுப்புப் பிள்ளைகளாக நடித்துக் கைகட்டி உட்காருகிறார்கள். நடுவில் எழுந்து “பாத்ரூம் போகணும் மிஸ்” என்று ஒருத்தி கூடக் கேட்பதில்லை!

பி.எட். படிப்பு இரண்டாண்டானபோது பள்ளிப் பயிற்சியும் 20 வாரமாகக் கூடியது. அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில். நல்ல மாற்றம்தான். ஆனால் அந்த வாரங்களை ரெக்கார்டு தின்றுவிடுகிறது. என் கவலையெல்லாம் இதில்தான். வகுப்பு முடிந்து ஸ்டாஃப் ரூமுக்கு வரும் பயிற்சி ஆசிரியை யாரோடும் பேசுவதில்லை. மார்ஜின் போடுகிறார், ஸ்கெட்ச் பேனாவில் தலைப்பு எழுதுகிறார், நடத்தாத பாடத்துக்கும் பாடத்திட்டம் எழுதுகிறார். எழுத முடியாதவர்களுக்குக் காசுக்கு எழுதித் தர ஆள் இருக்கிறது. சார்ட், மாடல் எல்லாம் ரெடிமேடாகக் கிடைக்கின்றன. செய்முறைத் தேர்வுக் கமிஷன் வரும் அன்றைக்கு அவை மேசையில் பளபளவென்று அடுக்கப்பட்டுப் புரட்டப்படுகின்றன. பிறகு ஏதோ ஒரு பரணில் தூசி படிகிறது. வகுப்பில் தடுமாறிய அன்று மாலை யாரிடமாவது மனம்விட்டுப் பேச வேண்டிய ஒரு மணி நேரம், அட்டை போடுவதில் போய்விடுகிறது.

புதியவர்கள் புலம்பலையும் குறுக்கு வழிகளையும்தான் கற்றுத் தருவார்கள் என்று மூத்த தலைமை ஆசிரியர்கள் சொல்வதுண்டு. கொஞ்சம் புலம்பத்தான் செய்வார்கள். எந்த இடத்தில் சறுக்கும் என்பதும் அந்தப் புலம்பலில்தானே இருக்கிறது? இங்கிலாந்தில் 2021 முதல் புதிய ஆசிரியருக்கு இரண்டாண்டு காலம் ஒரு வழிகாட்டி உண்டு. கற்றுக்கொள்வதற்காக முதல் ஆண்டில் பாடவேளையில் 10 சதவீதமும் இரண்டாம் ஆண்டில் 5 சதவீதமும் குறைத்துத் தருகிறார்கள். நம் ஊரில் புதிதாய் வந்தவர் தலையில்தான் கூடுதல் வகுப்பும் ஆண்டு விழா டான்ஸும் விழுகின்றன.

அடுத்த ஆண்டுப் பட்டியலை அச்சுக்குக் கொடுக்கும் முன், கல்லூரி முதல்வர்கள் இரண்டு ரெக்கார்டையாவது அடித்துவிட்டு, பணியில் சேர்ந்து மூன்று வருடம் தாண்டாத ஓர் ஆசிரியரோடு வாரம் ஒரு பீரியடை எழுதிச் சேர்க்கட்டும். பயிற்சிக்குப் போகிறவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். ஸ்டாஃப் ரூமில் ஓரத்து நாற்காலியில் நோட்டுத் திருத்திக்கொண்டிருக்கும் இளம் டீச்சர் யாரென்று பாருங்கள். பாதிக் கட்டை வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். மார்ஜினை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.