கிளைப்பாதை – 6: உப்புக்காக ஒரு ரயில்

பெசன்ட் நகர் வீட்டின் பின்னறையில், இரண்டு சுவர்களை ஒட்டி, 'ட' எழுத்தின் வடிவில், மார்பளவு உயரத்தில் பலகைத் தட்டு அமைத்து முடித்த விருத்தாந்தத்தோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். அடுத்தது தண்டவாளம் பதிப்பதுதானே என்று எதிர்பார்த்திருக்கும் வாசகர்களிடம் இன்னும் ஒரு வாரப் பொறுமையைக் கோருகிறேன். ஏனெனில் ரம்பத்தையும் பற்றவைக்கும் கோலையும் கையில் எடுப்பதற்கு முன் தீர்மானித்தாக வேண்டிய விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. இந்த ரயில் எதற்காக ஓடப் போகிறது என்பதே அது.

கடையில் வாங்கிய பொம்மை ரயிலுக்கு இந்தக் கேள்வி எழுவதில்லை. அது வட்டமாகச் சுற்றுகிறது, சுற்றுவதே அதன் பிரயோஜனம். ஆனால் பூமியில் போடப்பட்ட எந்த ரயில் பாதையும் காரணமில்லாமல் போடப்பட்டதன்று. யாரோ ஒருவருக்கு ஏதோ ஒரு சரக்கை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது, அல்லது ஒரு ஊர் ஜனங்களுக்கு மற்றோர் ஊரின் கச்சேரிக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் போக வேண்டியிருந்தது, அதற்காகவே மண் கொட்டி மேடாக்கி ஜல்லி பரப்பினார்கள். அந்தக் காரணத்தை மாதிரிக்குள் கொண்டுவரத் தவறினால், எஞ்சினின் ஒவ்வொரு மறையாணியையும் பூதக்கண்ணாடி வைத்துச் செய்திருந்தாலும், நம் சிருஷ்டி விளையாட்டுச் சாமானாகவே நின்றுவிடும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

நான் தேர்ந்துகொண்டிருக்கும் பாதை, திருத்துறைப்பூண்டியிலிருந்து கிளை பிரிந்து, கரியாப்பட்டினம், குரவப்புலம், நெய்விளக்கு, தோப்புத்துறை, வேதாரண்யம் ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு அகஸ்தியம்பள்ளியை அடையும் 37 கிலோமீட்டர். ஒரு காலத்தில் இது அதற்கும் அப்பால், கோடிக்கரை வரையில் சென்றது. தாய்ப் பாதையின் கதையே சுவாரசியமானது: மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டைக்கு 1894-ல் திறக்கப்பட்ட அந்த மீட்டர் கேஜ் பாதை, லண்டனில் பங்கு விற்ற கம்பெனியின் சொத்தாக அன்றி, தஞ்சாவூர் ஜில்லா போர்டின் சொந்தப் பாதையாக எழுந்தது; வண்டிகளை ஓட்டும் பொறுப்பை மட்டும் தென்னிந்திய ரயில்வே ஏற்றுக்கொண்டது. ஒரு ஜில்லாவின் பணத்தில் உருவான பாதை என்ற அந்த எண்ணம், இந்த மாதிரியைச் செய்யும் ஒவ்வொரு கட்டத்திலும் எனக்கு ஒரு நிதானத்தைக் கற்பிக்கிறது; ஆடம்பரமான நிலையக் கட்டடமோ விஸ்தாரமான யார்டோ இங்கே பொருந்தாது.

இந்தக் கிளைக்கு ஜீவனாக இருந்த சரக்கு உப்பு. தூத்துக்குடிக்கு அடுத்தபடி தமிழ்நாட்டில் உப்பு விளையும் பெரிய பிரதேசம் வேதாரண்யம். 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சிராப்பள்ளியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்ட ராஜாஜியும் தொண்டர்களும் ஏப்ரல் 28-ல் வந்து சேர்ந்து, 30-ஆம் தேதி சட்டத்தை மீறி உப்பு அள்ளியதும் இந்த உவர் நிலத்தில்தான். தை பிறந்த பிறகு பாத்திகளில் கடல்நீரைப் பாய்ச்சி, வெயிலின் உதவியால் உப்பை விளைவித்து, வாரிக் குவித்து, கீற்றுப் போர்த்தி வைக்கும் வேலை, ஐப்பசி மழை வந்து பாத்திகளை மூழ்கடிக்கும் வரையில் நடக்கும். ஆக, இந்தப் பாதைக்கு ஒரு பருவம் உண்டு. கோடையில் நிறையச் சரக்கும், வடகிழக்குப் பருவமழையில் வெறும் பிரயாணிகளும். தை, ஆடி அமாவாசைகளில் சமுத்திர ஸ்நானத்துக்கு வரும் கூட்டம் வேறு. முல்லைப் பூவும் மாம்பழமும் அந்த மண்ணின் மற்ற விளைபொருள்கள். இவ்வளவையும் பட்டியலிட்டு எழுதிக்கொண்ட பிறகுதான், பலகையின் மேல் பென்சில் கோடு போடும் தைரியம் எனக்கு வந்தது.

இனிக் கணக்குக்கு வருவோம். நான் கையாளும் விகிதம் 87-க்கு 1. முப்பத்தேழு கிலோமீட்டரை 87-ஆல் வகுத்தால் 425 மீட்டர் வருகிறது; என் அறையிலிருந்து தொடங்கினால் பாதை தெருவைத் தாண்டி எலியட்ஸ் கடற்கரையின் திசையில் வெகுதூரம் போய்விடும். எனவே முழுப் பாதையையும் சுருக்கும் ஆசையை விட்டுவிட்டு, எவற்றைக் கைவிட்டாலும் பாதையின் லட்சணம் கெடாது என்று யோசிக்க வேண்டியதாயிற்று. வேதாரண்யம் நிலையமும், கடைசி நிலையமாகிய அகஸ்தியம்பள்ளியும், இரண்டுக்கும் நடுவே உப்பளமும் இருந்தால் போதும். மற்றவை யாவும், திருத்துறைப்பூண்டி உட்பட, ஒரு மரத்திரைக்குப் பின்னால் நாலு தண்டவாளங்கள் கொண்ட மறைவிடமாக அமையும். அங்கிருந்து புறப்படும் வண்டி வெளியுலகத்திலிருந்து வருகிறது. அங்கே நுழையும் வண்டி வெளியுலகத்துக்குச் சென்றுவிட்டது.

வளைவுகளின் சங்கடமும் இந்தப் பாதையில் குறைவு. மீட்டர் கேஜில் 175 மீட்டர் ஆரமுள்ள வளைவே கடுமையானது. அதையே விகிதப்படி சுருக்கினாலும் இரண்டு மீட்டர் ஆரம் வேண்டும். மலைப்பாதையை மாதிரியாகக் கொள்பவர்கள் இந்த இடத்தில்தான் மிகுந்த சமரசம் செய்துகொள்ள நேர்கிறது. காவிரிக் கழிமுகத்தின் தட்டை நிலத்தில் ஓடும் நம் பாதையோ சுவர் ஓரமாக நேராகவே போகலாம்; 'ட'வின் மூலையில் வரும் ஒரே வளைவைத் தோப்பு மறைத்துவிடும்.

நவராத்திரிக் கொலுவில் செட்டியார் பொம்மை கோபுரத்தைவிட உயரமாக உட்கார்ந்திருந்தாலும் யாருக்கும் உறுத்துவதில்லை. இங்கே அந்தச் சலுகை கிடையாது. ஐந்தரை அடி மனிதன் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்து நிற்க வேண்டும். பத்தொன்பதரை மீட்டர் நீளமுள்ள மீட்டர் கேஜ் பெட்டி இருபத்திரண்டரை சென்டிமீட்டர் ஆகிறது. நாலு பெட்டிகளைக் கோத்தால் ஏறக்குறைய தொண்ணூறு சென்டிமீட்டர், எஞ்சினும் கார்டு வேனும் தனி. தண்டவாள இடைவெளி ஒரு மீட்டராதலால், விகிதப்படி பதினொன்றரை மில்லிமீட்டர் வரும். கடைகளில் கிடைப்பது பன்னிரண்டு. ஸ்விட்சர்லாந்தின் ரேட்டியன் ரயில்வே மீட்டர் கேஜ் பாதை என்பதால், அதற்காக ஐரோப்பாவில் செய்யப்படும் பன்னிரண்டு மில்லிமீட்டர்த் தண்டவாளமும் சக்கரங்களும் நமக்கும் உதவுகின்றன. ஆல்ப்ஸ் மலைக்காகப் பிறந்த சக்கரங்களின் மேல் தெற்கு ரயில்வேயின் 'ஒய்.பி.' எஞ்சின் ஒன்றை நிறுத்த உத்தேசம். 1949 முதல் மொத்தம் 871 எண்ணிக்கையில் உருவான அந்த வகை எஞ்சினின் வெளியுடம்பு சந்தையில் சுலபமாக அகப்படாது; பித்தளைத் தகட்டை வெட்டி நாமே பற்றவைக்க வேண்டியதுதான். அதன் விவரம் பிறிதொரு வாரத்துக்கு.

காரணம் தெரிந்த பாதைக்கு வேலை முறையும் தானாகவே அமைந்துவிடுகிறது. காலை வண்டி மறைவிடத்திலிருந்து புறப்பட்டு வேதாரண்யத்தில் நிற்கிறது. ஸ்டேஷன் மாஸ்டர் பிரம்பு வளையத்தில் மாட்டிய டோக்கனை டிரைவரிடம் கொடுத்தாலொழிய மேலே போக அனுமதி இல்லை. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிராக இரு வண்டிகள் வராமல் காப்பாற்றியது அந்த வளையந்தான். என் லேஅவுட்டிலும் ஒரு பித்தளை வளையம் உண்டு. அதை அகஸ்தியம்பள்ளிப் பக்கத்து ஆணியில் மாட்டினால்தான் அந்தப் பகுதித் தண்டவாளத்துக்கு மின்சாரம் பாயும்படி, ரிச்சி தெருவில் வாங்கிய சிறு சுவிட்சுகளை இணைக்கப் போகிறேன். வளையத்தை மறந்தால் வண்டி நகராது.

கடைசி நிலையத்தை அடைந்ததும் எஞ்சினைக் கழற்றி, லூப் லைன் வழியாக வண்டியின் மறுமுனைக்குக் கொண்டுவந்து மாட்ட வேண்டும். பிறகு உப்பளச் சைடிங்கில் நிற்கும் மூடிய வாகன்களில் நிறைந்தவற்றை இழுத்து, காலியானவற்றைத் தள்ளிவிட வேண்டும். கைகாட்டி மரம் தாழ்ந்து, கேட் சாத்தி, பாயிண்ட்டுகள் திரும்பி, இவ்வளவும் முடிய அரைமணி நேரம் பிடிக்கும். வேகத்திலும் கட்டுப்பாடு அவசியம்: மணிக்கு முப்பது கிலோமீட்டர் என்ற கிளைப்பாதை வேகம், நம் விகிதத்தில் வினாடிக்குப் பத்து சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதற்கு மேல் ஓட்டுகிறவர் பொம்மையைத்தான் ஓட்டுகிறார்.

இங்கிலாந்தில் பீட்டர் டென்னி என்ற பாதிரியார் இந்த ரகசியத்தை நன்கு உணர்ந்தவர். இரண்டாம் உலக யுத்தத்தை ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கி, பக்கிங்ஹாம் என்னும் ஊருக்குச் செல்வதாகக் கற்பித்துக்கொண்ட கிளைப்பாதையின் மாதிரியை அவர் ஆயுள் முழுவதும் வளர்த்தார். மணியடித்துச் செய்தி பரிமாறும் கேபின் முறையைக்கூட விடாமல் அனுசரித்தார். அடுத்த கேபினில் உட்கார்ந்து பதில் மணி அடிக்க ஆள் இல்லாதபோது, அந்த வேலையைத் தானே செய்யும் யந்திரம் ஒன்றைச் செய்து, அதற்குத் தம் மகன் கிறிஸ்பினின் பெயரையே சூட்டினார். நம் நாட்டில் புனே நகரத்தில் பாவு சாகேப் ஜோஷியின் முயற்சியால் 1998-ல் திறக்கப்பட்ட சிற்றுரு ரயில் மியூசியம் வேறு ரகம். பல வண்டிகள் ஒரே சமயத்தில் ஒரு நகரத்தைச் சுற்றி வருவதைப் பார்த்துக் குழந்தைகளும் பெரியவர்களும் பிரமித்துப் போகிறார்கள். காட்சிக்கு அது உன்னதம். கிளைப்பாதைக்காரனுக்கோ டென்னியே ஆதர்சம்.

உப்பளத்தைச் செய்வதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உப்புக் குவியலுக்கு உப்பையே வைத்தால் என்ன என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து நீர்த்துப்போய், அருகிலுள்ள உலோகத்தையெல்லாம் அரித்துவிடும். ஆகவே கோலத்துக்கு விற்கும் கல்மாவே உத்தமம். அரிசி மாவு எறும்பை அழைத்துவரும். களிமண்ணால் வரப்பு கட்டி, பாத்திக்குள் வார்னிஷை மெல்லிய பூச்சுகளாக ஊற்றி உலரவிட்டால் தேங்கிய நீர் பிரத்தியட்சமாகிவிடுகிறது. குவியலின் மேல் தேங்காய் நாரைக் கத்தரித்துப் போட்டால் கீற்று. தந்திக் கம்பங்களுக்கு எட்டு சென்டிமீட்டர் ஈர்க்குச்சி. ஜல்லிக்குக் கட்டட வேலை நடக்கும் இடத்தில் கேட்டு வாங்கிய கல்பொடியைச் சலித்தது. உப்பு ஏற்றும் வாகன்களின் அடிப்பகுதி சீக்கிரம் துருவேறும் என்பதால், அங்கே மட்டும் செங்காவியைத் தாராளமாகப் பூச வேண்டும்.

துருவுக்கு நிஜமாகவே பயப்பட வேண்டியது நம் பக்கத்தில்தான். ஜன்னல் கம்பியும் சைக்கிள் ரிம்மும் என்ன கதியாகின்றன என்பதைப் பெசன்ட் நகர்வாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. மலிவான ரயில் பெட்டிகளோடு வரும் எஃகுத் தண்டவாளம் இந்தக் கடற்காற்றில் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்த 'நிக்கல் சில்வர்' தண்டவாளத்தையே வாங்குங்கள். பெயரைத் தவிர வேறெங்கும் அதில் வெள்ளி கிடையாது, ஆனால் துருவும் கிடையாது. மேலே படியும் மங்கலை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஓட்டத்துக்கு முன் துடைத்தால் போதும். இணைப்புத் தகடுகளை நம்பாமல், ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனித்தனி ஒயர் பற்றவையுங்கள். பலகைக்கு மரைன் பிளைவுட். அதன் அடிப்புறத்துக்கும் வெட்டுமுனைகளுக்கும் வர்ணம் பூசாவிட்டால் மார்கழியில் உப்பித் தண்டவாளத்தை நெளித்துவிடும்.

2004-ல் அகலப் பாதையாக்கும் பொருட்டு நிறுத்தப்பட்ட திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளிப் பாதை, 2023 ஏப்ரல் 8-ஆம் தேதி அகலப் பாதையாக மறுபடி திறக்கப்பட்டது. உப்பை ஏற்றிச் செல்வதே இப்போதும் அதன் முக்கிய நியாயங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. ரயில் திரும்பியதில் அந்த ஊர்களுக்கு உண்டான சந்தோஷம் நியாயமானதே. ஆனால் மீட்டர் கேஜ் காலத்தின் சிறு விவரங்கள், தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம் நின்றது, கைகாட்டி எத்தனை, எந்த மரத்தடியில் பிரயாணிகள் காத்திருந்தார்கள் என்பவை, எந்த அறிக்கையிலும் முழுமையாக அகப்படுபவை அல்ல. அவை வேலை செய்தவர்களின் ஞாபகத்திலும், அவர்கள் வீட்டுப் புகைப்படங்களிலுமே இருக்கின்றன.

ஆதலால் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்தில் ஸ்டேஷன் மாஸ்டராகவோ, கேங்மேனாகவோ, பாயிண்ட்ஸ்மேனாகவோ ஒரு கிளைப்பாதையில் பணிபுரிந்த பெரியவர் இருந்தால், அவரோடு ஒரு சாயங்காலம் உட்கார்ந்து நிலையத்தின் படத்தைக் காகிதத்தில் போடச் சொல்லுங்கள். பழைய புகைப்படங்களின் பின்புறத்தில் ஊரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். மாதிரி ரயில் கட்டும் உத்தேசம் உங்களுக்கு இல்லாவிட்டாலும் சரி, அதைச் செய்து வையுங்கள்.

அடுத்த வாரம் தண்டவாளம் பதிப்போம்.

(தொடரும்)