மூளைக்குப் பயிற்சி: விளையாட்டா, வைத்தியமா?

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து ஒரு தந்தை வீடு திரும்புகிறார். பத்து வயது மகன் வாசலிலேயே மறிக்கிறான். “கை கழுவினியாப்பா? நிஜமாவே கழுவினியா?” ஏழு முறை “கழுவிட்டேன்டா” என்று சொன்ன பிறகே வழி விடுகிறான். அவனும் ஏழு முறை கழுவுகிறான். எண்ணிக்கை தவறினால் மறுபடியும் முதலிலிருந்து. விரல்களில் தோல் வெடித்துவிட்டது. பள்ளிக்கு நாள்தோறும் தாமதம். இப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். இது பிடிவாதமா? அளவு மீறிய சுத்தமா?

இரண்டும் அல்ல. இது எண்ணச் சுழற்சி நோய். மருத்துவர்கள் சுருக்கமாக ஓ.சி.டி. என்பார்கள். வேண்டாத எண்ணம் ஒன்று திரும்பத் திரும்ப வந்து அச்சுறுத்துகிறது. அச்சத்தைத் தணிக்கக் குழந்தை ஒரு செயலைச் செய்கிறது. அச்சம் சற்றே அடங்குகிறது. “கழுவியதால்தான் தப்பித்தோம்” என்று மூளை பாடம் படித்துக்கொள்கிறது. அடுத்த முறை எண்ணம் இன்னும் வலுவாக வருகிறது. நெருப்பே இல்லாதபோதும் ஆலையின் அபாயச் சங்கு ஊதிக்கொண்டே இருப்பதைப் போன்றது இது.

இதற்குக் கைப்பேசியில் ‘மூளைப் பயிற்சி’ விளையாட்டுகள் போதுமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். நினைவாற்றல் விளையாட்டை நாள்தோறும் ஆடினால் அந்த விளையாட்டில் திறமை கூடும். ஆனால் அத்திறமை வாழ்க்கையின் பிற துறைகளுக்குப் பரவுவது மிகக் குறைவு. அளவு மீறி விளம்பரம் செய்ததற்காக ‘லுமாசிட்டி’ நிறுவனம் 2016இல் அமெரிக்காவில் 20 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. 2020இல் அந்நாட்டு அரசு ஒரு விளையாட்டைக் குழந்தைகளுக்கான சிகிச்சையாக அனுமதித்தது உண்மைதான். ஆனால் அது கவனக் குறைவு நோய்க்கு, ஓ.சி.டி.க்கு அல்ல.

அப்படியானால் மூளையைப் பழக்கவே முடியாதா? முடியும். 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் அதற்கு வழி காட்டினார். அஞ்சும் பொருளை நோயாளி தொட வேண்டும். தொட்டபின் கழுவாமல் பொறுத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்! நம் சிறுவன் முதலில் கதவுத் தாழ்ப்பாளைத் தொடுவான். பழகிய பின் பேருந்தின் கம்பியை. தன் அச்சத்துக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவான். தொட்டவுடன் எட்டு இருக்கலாம். காத்திருந்தால், கழுவாமலேயே அது மெல்ல இறங்கும். சில நாள் இறங்க மறுத்தாலும், அஞ்சிய கேடு எதுவும் நேரவில்லை என்பதைக் கண்கூடாகக் காண்பான். மூளை புதிய பாடம் கற்கிறது.

இது வெறும் தைரியம் சொல்வதல்ல. 1992இல் லாஸ் ஏஞ்சலிஸில் பாக்ஸ்டர் குழுவினர் வயதுவந்த நோயாளிகளின் மூளையைப் படம் பிடித்தனர். இத்தகைய பயிற்சியால் குணம் கண்டவர்களிடம், மூளையின் ஆழத்திலுள்ள ‘காடேட்’ பகுதியின் மிகைச் செயல்பாடு குறைந்திருந்தது. மருந்தால் குணம் கண்டவர்களிடமும் அவ்வாறே!

குழந்தைகளிடம்? 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 112 குழந்தைகள் பங்கேற்றனர். 12 வாரங்களில், மருந்தும் பயிற்சியும் சேர்ந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 54 பேர் ஏறக்குறைய நோய் நீங்கினர். பயிற்சி மட்டும் பெற்றோரில் 39. மருந்து மட்டும் உண்டோரில் 21. வெற்று மாத்திரை உண்டோரில் 4.

கைப்பேசிக்கும் கணினிக்கும் உரிய இடம் இங்கேதான். ஸ்வீடனில் 152 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2021இல் வெளியாயிற்று. இப்பயிற்சியை இணையவழியில் தொடங்கி, தேவைப்பட்டோருக்கு மட்டும் நேரில் தொடர்ந்தனர். ஆறு மாதங்களுக்குப்பின் பலன், தொடக்கம் முதலே நேரில் பெற்றதற்குக் குறைவாக இல்லை. கருவிக்குப் பின்னால் சிகிச்சையாளர் ஒருவர் வழிநடத்தினார் என்பதை மறக்கக்கூடாது.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இது முக்கியமான செய்தி. ஓ.சி.டி.க்குத் தனிப் பிரிவு கொண்ட நிம்ஹான்ஸ் மருத்துவமனை, எல்லைக்கு அப்பால் பெங்களூரின் ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. ஆயினும் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை இழந்து அங்கே செல்வது எளிதா? 2022இல் தொடங்கிய அரசின் ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்தால் தமிழிலேயே இலவச ஆலோசனை கிடைக்கும். எங்கே செல்வது என்று வழியும் காட்டுவார்கள்.

பெற்றோரே, குழந்தையைத் திட்டாதீர்கள். மருந்தைத் தாமாக நிறுத்தாதீர்கள். ஏழு முறை பதில் சொல்வதும் நோய்க்குத் தீனியே. ஆனால் திடீரென நிறுத்தாமல், சிகிச்சையாளர் சொற்படி ஏழை ஆறாக்குங்கள், ஆறை ஐந்தாக்குங்கள். மூளைக்கு உண்மையான பயிற்சி அதுவே.