அந்தப் பார்வைக்குத்தான் பயந்தார்கள்

1800 நவம்பர். மாட்ரிட்டில் அரசியல்வாதி மானுவேல் கோதோயின் மாளிகைக்குச் சென்ற ஒரு செதுக்கோவியர், அங்கே தனி அறையில் நிர்வாண ஓவியங்கள் தொங்கியதைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அவற்றில் ஒன்று வெலாஸ்கெஸ் வரைந்த வீனஸ். இன்னொன்று கோயா வரைந்த ‘ஆடையற்ற மாஹா’. ஸ்பெயின் ஓவியத்தின் மிகப் புகழ்பெற்ற இரண்டு நிர்வாணப் பெண்களும் ஒரே அறையில் இருந்திருக்கிறார்கள்.

அது சாதாரணச் செய்தி இல்லை. காம உணர்வைத் தூண்டும் படம் வரைந்தால் மதவிலக்கும் அபராதமும் நாடுகடத்தலும் விதித்த நாடு அது. இத்தாலியில் தாராளமாக வரையப்பட்ட நிர்வாணம் ஸ்பெயினில் அரிதானதற்கு இதுவே காரணம். ஆனால், தடை ஊருக்குத்தான். அரசர்களும் பிரபுக்களும் அத்தகைய படங்களை வாங்கிக் கதவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்கள்.

1650-ஐ ஒட்டி வெலாஸ்கெஸ் வரைந்த வீனஸ் நமக்கு முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறாள். தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும் அந்த ஒற்றை வளைவிலேயே கண் தங்கிவிடுகிறது. மன்மதன் பிடித்திருக்கும் கண்ணாடியில் அவள் முகம் தெரிகிறது, அதுவும் மங்கலாக. அவள் தேவதை என்பதால் பார்ப்பவருக்கு ஒரு சாக்கு கிடைத்தது. வெலாஸ்கெஸின் நிர்வாணப் பெண் ஓவியங்களில் இன்று எஞ்சியிருப்பது இது ஒன்றுதான். 1906 முதல் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. 1914-இல், பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய மேரி ரிச்சர்ட்சன், தலைவி எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் கைதானதை எதிர்த்து இந்த ஓவியத்தை வெட்டுக்கத்தியால் கிழித்தார். பிறகு அது சீர்செய்யப்பட்டது.

கோயாவின் பெண்ணுக்கு அந்தச் சாக்கு கிடையாது. மன்மதன் இல்லை, கண்ணாடி இல்லை, புராணம் இல்லை. ‘மாஹா’ என்றால் மாட்ரிட்டின் எளிய குடியிருப்புகளில் மிடுக்காக உடுத்தி நடமாடிய பெண். கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்து, பச்சை மெத்தையில் சாய்ந்து, நேராக நம்மைப் பார்க்கிறாள். உடல் ரோமத்தைக்கூட கோயா மறைக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து ஏறத்தாழ அதே அளவில், அதே நிலையில் ‘ஆடையணிந்த மாஹா’வையும் வரைந்தார்.

1808-இல் கோதோய் வீழ்ந்தார். அவர் சொத்துகளோடு இந்த ஓவியங்களும் பறிமுதலாயின. 1815-இல் மத விசாரணை மன்றம் கோயாவை அழைத்தது. இவற்றை யாருக்காக, எதற்காக வரைந்தாய் என்பதே கேள்வி. குற்றப்பட்டியலில் இரண்டு ஓவியங்களும் இருந்தன. ஆம், ஆடையணிந்தவளும்தான்!

1901 முதல் இருவரும் மாட்ரிட்டின் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறார்கள். இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். துணி வந்ததும் உடல் மறைகிறது. கண்கள் மட்டும் தாழவே இல்லை. உடுத்தியிருந்தவளையும் அந்த மன்றம் ஏன் விட்டுவைக்கவில்லை என்பது அப்போது புரியும்.