பட்டியலில் விடுபட்ட பேரெண்

எங்கள் ஜெகதாப்பட்டினக் கடற்கரையில் ஒருவரிடம் 12 மீன்கள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றை இருவரோ, மூவரோ, நால்வரோ, அறுவரோ, பன்னிருவரோ சமமாகப் பங்கிட்டுக்கொள்ளலாம். மீன்கள் 11 ஆயின், பதினொருவர் கூடினாலன்றிச் சமப் பங்கீடு இயலாது. 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகு எண்கள் உள்ளன. அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு வகு எண்கள் இல்லை. இவ்வாறு, தன்னினும் சிறிய எல்லா எண்களையும்விட மிகுதியான வகு எண்களை உடைய எண்ணை ‘மிகு பகு எண்’ எனலாம்.

ஈரோட்டில் 1887-ஆம் ஆண்டு பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை சீனிவாச இராமானுஜன், இவ்வெண்களைப் பற்றிய நீண்ட கட்டுரையொன்றை 1915-இல் வெளியிட்டார். அதில் 67,46,32,83,88,800 வரையுள்ள மிகு பகு எண்களைப் பட்டியலிட்டார். கணிப்பொறி இல்லாத காலம் அது. அப்பட்டியலில் ஒரே ஓர் எண் விடுபட்டுப் போயிற்று. அதுவே 2,93,31,86,25,600, அதாவது 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600.

இதன் அமைப்பைக் காண்போம். 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5 இரு முறை, 7 இரு முறை, 11, 13, 17, 19 ஆகியவை ஒவ்வொரு முறை. இவை அனைத்தையும் பெருக்கினால் இப்பேரெண் கிடைக்கும். இதன் வகு எண் ஒன்றை ஆக்கும்பொழுது, 2-ஐ ஒரு முறையும் எடுக்காமல் விடலாம். ஒன்று முதல் ஆறு முறை வரையும் எடுக்கலாம். ஆக, ஏழு வழிகள். இவ்வாறே 3-க்கு ஐந்து, 5-க்கும் 7-க்கும் மும்மூன்று, ஏனைய நான்குக்கும் இவ்விரண்டு வழிகள். இவற்றைப் பெருக்க, 5,040 வகு எண்கள் என அறிகிறோம். ஒவ்வொன்றாக எண்ண வேண்டிய தேவையே இல்லை!

பகா எண் பெரிதாக ஆக, அது வரும் தடவைகள் கூடுவதில்லை என்பதையும் நோக்குக. 3-ஐ இரு முறையும் 2-ஐ ஒரு முறையும் பெருக்கினால் 18. தடவைகளை மாற்றினால் 12. இரண்டுக்கும் வகு எண்கள் ஆறே. ஆனால் 12 சிறியது. ஆகவே 18 மிகு பகு எண் ஆகாது. இவ்விதி மட்டும் போதாது. சிறிய எண் எதற்கும் 5,040 வகு எண்கள் இல்லை என்பதும் உறுதிப்படவேண்டும். ஆயினும் சோதிக்கவேண்டிய எண்களை இத்தகைய விதிகள் வெகுவாகக் குறைத்துவிடுகின்றன.

விடுபட்ட எண்ணும் இராமானுஜன் நிறுவிய விதிகளுக்கு அடங்கியே நிற்கிறது. தேற்றத்தில் குறையில்லை, கணக்கீட்டில்தான் ஓரிடம் தவறிற்று. நான் கரும்பலகையில் பிழை செய்தபோது, அதைக் கண்டும் அச்சத்தால் வாய் திறவாதிருந்த மாணவர் உண்டு. அவர்க்கு நான் கூற விரும்புவது இதுவே: மேதையைப் போற்றுங்கள், அவர் கணக்கையும் நீங்களே ஒரு முறை போட்டுப் பாருங்கள். அதுவும் அவருக்குச் செய்யும் மரியாதையே.