குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்: குரோமோசோம் பரிசோதனை எதைத் தெரிவிக்கிறது?

குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய் எனக் கண்டறியப்படும்போது, எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுக்கப்படும் மாதிரி குரோமோசோம் பரிசோதனைக்கும் அனுப்பப்படுகிறது. அந்த அறிக்கையிலுள்ள 'அதிக ஆபத்து' போன்ற சொற்கள் பெற்றோரை அச்சுறுத்தக்கூடும். எவ்வளவு தீவிரமான சிகிச்சை தேவை, எந்த மருந்து கூடுதலாகப் பயன்படும் என்பதை முடிவு செய்யவே இப்பரிசோதனை செய்யப்படுகிறது.

இது பரம்பரையாக வருவதா?

மனித உயிரணுக்களில் பொதுவாக 46 குரோமோசோம்கள் உள்ளன. இரத்தப் புற்றுநோயில் காணப்படும் குரோமோசோம் மாற்றங்கள் பெரும்பாலும் புற்றுநோய் உயிரணுக்களில் மட்டுமே இருக்கும். அவை பெற்றோரிடமிருந்து வந்தவை அல்ல. ஆகவே தாயோ தந்தையோ தம்மைக் குறைகூறிக்கொள்ள வேண்டியதில்லை. பிறவியிலேயே 21ஆம் குரோமோசோம் கூடுதலாக உள்ள டவுன் நோய்க்குறி கொண்ட குழந்தைகளுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம்.

முக்கிய மாற்றங்கள்

குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படுவது கடும் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா. அதில் காணப்படும் முக்கிய மாற்றங்கள்:

• குரோமோசோம்கள் 50-க்கு மேல் இருத்தல்: சிகிச்சைக்கு நன்கு கட்டுப்படும் வகை.
• 12, 21ஆம் குரோமோசோம்களின் பகுதிகள் இடம் மாறியிருத்தல்: இதுவும் நல்ல பலனை எதிர்பார்க்கத்தக்கது.
• குரோமோசோம்கள் 44-க்கும் குறைவாக இருத்தல்: தீவிர சிகிச்சை தேவை.
• 11ஆம் குரோமோசோமில் கே.எம்.டி.2.ஏ. மரபணு முறிந்து இணைதல்: ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் அதிகம், தீவிர சிகிச்சை தேவை.
• 9, 22ஆம் குரோமோசோம்களின் பகுதிகள் இடம் மாறியிருத்தல்: இது 1960ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட 'பிலடெல்பியா குரோமோசோம்'. ஒரு காலத்தில் குணப்படுத்துவதற்கு மிகக் கடினமாக இருந்த வகை. இம்மாற்றத்தையே குறிவைக்கும் இமாட்டினிப் போன்ற மாத்திரைகளைக் கீமோதெரபியுடன் சேர்த்து வழங்குவதால் நிலைமை பெரிதும் மேம்பட்டுள்ளது.

வேறு எவை பலனைத் தீர்மானிக்கின்றன?

குழந்தையின் வயது, நோய் கண்டறியப்பட்டபோது இருந்த வெள்ளணுக்களின் எண்ணிக்கை ஆகியவையும் கணக்கில் கொள்ளப்படும். ஒன்று முதல் 10 வயதுக்குள் இருப்பதும், வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 50,000-க்குக் குறைவாக இருப்பதும் சாதகமானவை. முதற்கட்ட சிகிச்சையின் முடிவில் எஞ்சியுள்ள புற்றுநோய் உயிரணுக்களை அளவிடும் எம்.ஆர்.டி. பரிசோதனை மிக முக்கியமானது. அதன் முடிவைக் கொண்டு சிகிச்சைத் திட்டம் மாற்றப்படலாம்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

• குரோமோசோம் அறிக்கை வர நாட்களாகலாம். அதற்காகச் சிகிச்சையைத் தாமதப்படுத்தக் கூடாது.
• அறிக்கை பாதகமாக இருப்பினும் நம்பிக்கையிழந்து சிகிச்சையைக் கைவிடாதீர்கள். தீவிர சிகிச்சையால் குணமடையும் குழந்தைகள் பலர்.
• அறிக்கை சாதகமாக இருந்து, குழந்தை ஓடியாடி விளையாடத் தொடங்கினாலும் சிகிச்சையை இடையில் நிறுத்தாதீர்கள். முழுச் சிகிச்சைக்குப் பொதுவாக 2 முதல் 3 ஆண்டுகள் தேவை. இடையில் நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும்.
• சிகிச்சைக் காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் இருந்தால், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.
• பயணச் செலவோ வேலையிழப்போ சிகிச்சைக்குத் தடையாக இருந்தால், தயங்காமல் மருத்துவக் குழுவிடம் தெரிவியுங்கள்.

எல்லா அறிக்கைகளின் நகல்களையும் ஒரே கோப்பில் பாதுகாத்து, ஒவ்வொரு வருகையின்போதும் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் குழந்தை எந்த ஆபத்துப் பிரிவில் உள்ளது, எம்.ஆர்.டி. முடிவு என்ன, அடுத்த கட்டச் சிகிச்சை என்ன என்பவற்றை மருத்துவரிடம் கேட்டறிவது உங்கள் உரிமை.